டார்லா தன்னுடையது என்று சொன்ன பெட்டி

டார்லா ஸ்கோகனை எங்கள் ஆலையில் யாருக்கும் பிடிக்காது. இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம். வேலை போனவர்களைப் பற்றி எழுதும்போது எல்லோரும் அவர்களை நேசித்ததாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. டார்லாவைப் பற்றி அப்படி எழுதினால் முதலில் சிரிப்பவள் அவளாகத்தான் இருப்பாள்.

விஸ்கான்சினின் நடுப்பகுதியில் பால் பண்ணைக்காரர்கள் கூட்டாக நடத்திய சீஸ் ஆலை அது. நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். லாரியில் வந்து இறங்கும் பாலில் மாட்டுக்குப் போட்ட மருந்து கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. காற்றில் போவதைப் பார்ப்பது டார்லாவின் வேலை. ஆலையின் வைஃபை, சரக்குத் தட்டுகளில் ஒட்டிய சீட்டுகளைப் படிக்கும் கைக்கருவிகள், அலுவலக மின்னஞ்சல் வரும் கைபேசிகள் எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு மடிக்கணினியைத் தோள்வாரில் மாட்டிக்கொண்டு, தட்டையான ஆன்டெனா ஒன்றைக் கையில் பிடித்தபடி மாதத்துக்கு ஒரு முறையாவது ஆலை முழுவதும் மெதுவாக நடப்பாள். எங்களுடையது அல்லாத சிக்னல் எங்கிருந்தாவது வருகிறதா என்று தேடுவாள்.

"என்ன டார்லா, கெணத்துக்கு எடம் பாக்கறியா?" என்று பொட்டலம் கட்டுகிறவர்கள் கத்துவார்கள்.

"உன் மூளையத் தேடறேன். சிக்னலே காணோம்" என்பாள், திரும்பிப் பார்க்காமல்.

அவளுடைய விதிகள் கடுமையானவை. அலுவலக மின்னஞ்சல் பார்க்கிற கைபேசியில் ஆலையின் பூட்டு ஏற வேண்டும். கைபேசி தொலைந்தால் அவள் தன் மேசையிலிருந்தே அதிலுள்ள ஆலை விஷயங்களை அழித்துவிடுவாள். சொந்தக் கைபேசி எதையும் ஆலையின் வைஃபையில் சேர்க்கக் கூடாது. சொந்தமாக எந்தக் கருவியையும் சுவரிலுள்ள இணையத் துளையில் செருகக் கூடாது, செருகியவருக்கும் அதைப் பயன்படுத்தியவருக்கும் அன்றே கடைசி நாள். இதையெல்லாம் அவளே எழுதி, நிர்வாகக் குழுவின் முன் நின்று வாதாடி வாங்கினாள்.

விலக்கு ஒருவருக்குத்தான் இருந்தது. பொது மேலாளர் புரூஸ் லிண்ட்மார்க் தன் கைபேசியில் பூட்டுப் போட விடவில்லை.

"அதுல என் பேத்தி படம் இருக்கு. வேட்டைக்கு மரத்துல கட்டின மான் கேமரா எல்லாம் அதுலதான் தெரியும். நீ அதுல கை வெக்காத."

"உங்க படத்த யாரு பாக்கப் போறா, புரூஸ்? வெளியாள் உங்க பேர்ல நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வரப் பாத்தா, 'நீங்கதானா'ன்னு உங்க ஃபோன் கேக்குது, வெறும் 'ஆமா' தட்டினா விட்டுடுது. அத மாத்தி எண் தட்டற மாதிரியாவது வெச்சுக் குடுக்கறேன்."

"நான் மரத்து மேல உக்காந்துக்கிட்டு எண் தட்டணுமா? போம்மா."

அவள் போனாள். விதியை ஒரு மனிதனுக்காக வளைத்தால் அது விதியல்ல என்று என்னிடம் சாப்பாட்டு மேசையில் பலமுறை சொன்னவள் அவள். வளைத்தது அவளல்ல என்பதால் அது தன் பொறுப்பில் வராது என்று அப்போது நினைத்திருக்கலாம்.

உப்புநீர் அறையில் நெங் ஷியோங் என்று ஒருவன் இருந்தான், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த மொங் இனத்துக்காரன். சீஸ் கட்டிகள் நீரோடையில் மிதப்பதுபோல உப்புநீர்த் தொட்டிகளில் மிதக்கும். அவற்றைத் திருப்பிவிடுவதும் கரையேற்றுவதும் அவன் வேலை. சுற்றிலும் துருப்பிடிக்காத எஃகுச் சுவர் இருந்ததால் அந்த அறையில் எந்தக் கைபேசியின் சிக்னலும் செத்துவிடும். அவனுடைய மகளுக்கு வலிப்பு நோய். எப்போது வரும் என்று தெரியாது. மனைவி வேறு ஊரில், கைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாத தொழிற்சாலையில் வேலை செய்தாள். பள்ளியிலிருந்து அழைத்தால் இவன்தான் எடுக்க வேண்டும்.

அவன் டார்லாவின் அறைக்கு வந்து நின்றான். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"உங்க வைஃபைல என் ஃபோன மட்டும் சேத்துக்க முடியுமா? வேற எதுக்கும் தொட மாட்டேன். ஸ்கூல்ல இருந்து வர கால் மட்டும்."

"ஆபீஸ் நம்பர் குடு ஸ்கூலுக்கு. இங்க எடுத்து உன்ன மைக்ல கூப்புடுவாங்க."

"போன தடவ கூப்புட்டாங்க. பம்ப் ஓடறப்ப மைக் கேக்கல. நான் போறதுக்குள்ள ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க."

டார்லா பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "நெங், உனக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும். என்னால முடியாது."

"சரி" என்றான். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விதி எழுதுகிறவர் எந்த முகத்தையும் நினைத்து எழுதுவதில்லை. விதிக்குப் பலம் அதில்தான் இருக்கிறது என்பார்கள். ஆனால் எழுதியபின் ஒரு முகம் வந்து எதிரே நிற்கத்தான் செய்கிறது. அப்போது என்ன செய்வது என்று எந்த விதியிலும் எழுதியிருக்காது.

இலையுதிர் காலத்தில் அவளுடைய ஆன்டெனா உப்புநீர் அறையை நோக்கி இழுத்தது. தொட்டிகளுக்குப் பின்னால், கைக்கருவிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் பலகையின் அடியில், பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஒரு வைஃபை பெட்டி இருந்தது. கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய மலிவான சாதனம். ஆலையின் சுவர்த் துளையில் அதன் கம்பி செருகப்பட்டிருந்தது.

நெங் தொட்டியின் மறுபக்கம் நின்றிருந்தான். கொக்கித் தடியைக் கீழே வைக்கவில்லை.

"எத்தன பேர் ஏறியிருக்கீங்க இதுல?"

"நான். அப்பறம் பவ்லினோ, அவன் மாமியாருக்கு உடம்பு சரியில்ல. இன்னும் ரெண்டு பேர்."

"நான் வேணாம்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க."

"அப்பறம் ஏன்?"

"நீங்க சொன்னது உங்க பெட்டி." அவன் குரல் இறங்கியது. "இது என் பெட்டி."

இதை அவளே என்னிடம் சொன்னபோது சிரித்துவிட்டாள். அவள் அதைப் பிடுங்கவில்லை. உட்கார்ந்து அதன் கடவுச்சொல்லை மாற்றினாள். ஆலையின் கணினிகள் பக்கம் அது எட்டிப் பார்க்காதபடி சுவர்த் துளையை வெளியுலகத்துக்கு மட்டும் திருப்பிவிட்டாள். தன் எச்சரிக்கை மணி அந்தப் பெட்டியைப் பார்த்து அடிக்காதபடி, அது பக்கத்துக் கட்டடத்திலிருந்து வரும் சிக்னல் என்று கணினிக்குச் சொல்லிவைத்தாள். அவள் தொழிலில் இது பெரிய பாவம். ஆனால் அதைக் கவனமாகச் செய்தாள்.

நவம்பரில் மான் வேட்டைப் பருவம் தொடங்கியது. அந்த வாரம் ஆலையில் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள். இருப்பவர்களும் ஆரஞ்சுத் தொப்பியோடுதான் வருவார்கள். திங்கட்கிழமை காலை புரூஸ் காப்பி அறையில் நின்று, தனக்கு ஏன் ஒரு மானும் கிடைக்கவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"எட்டுக் கிளைக் கொம்பு. இந்த மேசைலேந்து அந்தக் கதவு தூரம். துப்பாக்கியத் தூக்கறேன், ஃபோன் ர்ர்ர்னு அதிருது. உள்ள வரது நீதானா, நீதானான்னு கேக்குது. இல்லன்னு தட்டினேன். மறுபடி ர்ர்ர். மறுபடி. கடைசில கையுறையக் கழட்டி, ஆமாய்யா நான்தான், ஆள விடுன்னு ஒரு தட்டு. நிறுத்திச்சு. நிமிந்து பாத்தா வெள்ள வால் மட்டும் தெரியுது."

"மானும் நீதானான்னு கேட்டிருக்கும், புரூஸ்" என்றார் லாரி இறக்குகிற கென்னி.

"போன வருஷம் இருமல், இந்த வருஷம் ஃபோன். அடுத்த வருஷம் மான் மேலயே கேஸ் போடுவாரு" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். டார்லா காப்பியைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு வெளியே போனாள். அந்த நேரத்திலேயே புரூஸின் கணக்கைத் துண்டித்தாள். ஆனால் அவர் 'ஆமா' என்று தட்டியது சனிக்கிழமை. அந்த ஒரு தட்டலோடு உள்ளே நுழைந்தவன் இரண்டு நாளாக ஆலை முழுவதும் நடமாடியிருந்தான்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது எல்லாத் திரைகளும் பணம் கேட்கும் ஒரே வாசகத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. அலுவலகம், கிடங்கு, பாலைச் சூடாக்கும் இயந்திரங்களின் பதிவுகள் எல்லாம் பூட்டப்பட்டிருந்தன. இயந்திரங்கள் ஓடத்தான் செய்தன. ஆனால் இத்தனை சூட்டில் இத்தனை நேரம் காய்ச்சினோம் என்ற பதிவு இல்லாத பாலில் செய்த சீஸை விற்கச் சட்டம் விடாது. எங்கள் ஆய்வுக்கூடத்தின் முடிவுகளும் அந்தப் பூட்டுக்குள்தான் இருந்தன. சாலையில் பால் லாரிகள் வரிசையாக நின்றன. நன்றி விழா விடுமுறை வாரமானதால் மற்ற ஆலைகளும் நிரம்பியிருந்தன. பண்ணைகளுக்குத் தொலைபேசி போனது: பாலைக் கொட்டிவிடுங்கள்.

மாட்டுக்கு யாரும் நிறுத்தச் சொல்ல முடியாது. கறந்தே ஆக வேண்டும். டார்லாவின் அண்ணன் ஆர்லோவும் எங்கள் ஆலைக்குத்தான் பால் ஊற்றினான். அந்த வாரம் முழுவதும் காலையும் மாலையும் கறந்து, குளிர்தொட்டியின் குழாயைத் திறந்து சாணக் குழிக்குள் விட்டான். நான் ஒரு நாள் அந்தப் பக்கம் காரில் போனேன். பழுப்புக் குழிமேல் வெள்ளை படர்ந்து பனிபோலக் கிடந்தது. ஆர்லோ அதைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

காப்பீட்டு நிறுவனம் இரண்டு புலனாய்வாளர்களை அனுப்பியது. அவர்கள் வந்து இறங்கிய காலையில் டார்லா புரூஸின் அறைக்குப் போனாள். அங்கே நடந்ததைப் பின்னால் அவள் எனக்குச் சொன்னாள்.

"உங்க ஃபோன் வழியாத்தான் வந்திருக்கான், புரூஸ். சனிக்கிழம. அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"அப்படின்னு நீ நெனைக்கற."

"நெனைக்கல. பாத்தேன்."

புரூஸ் கதவைச் சாத்தினார். "சரி, சொல்லலாம். உப்புநீர் ரூம்ல ஒரு பெட்டி இருக்கே, அதயும் சொல்லுவியா? ஃபோர்மேன் எனக்கு எப்பவோ சொல்லிட்டான். நீயும் சும்மா விட்டிருக்க, ஒண்ணும் பெருசில்ல போலன்னு நானும் விட்டேன்."

"அது வழியா ஒண்ணும் வரல. பெட்டிய தொறந்து பாத்தாலே தெரியும்."

"தொறந்து பாப்பாங்க. எந்தெந்த ஃபோன் ஏறியிருக்குன்னு அதுல பேரோட இருக்கும் இல்ல? நெங், பவ்லினோ, அந்தப் பசங்க. அத்தன பேருக்கும் அன்னிக்கே கடைசி நாள். நான் எழுதின விதி இல்லம்மா அது."

அவர் அடுத்து ஏதோ ஆறுதலாகச் சொல்ல வந்தார், டார்லா கேட்காமல் வெளியே வந்துவிட்டாள்.

அவள் சும்மா இருந்தாலும் புலனாய்வாளர்கள் அந்தப் பெட்டியைக் கண்டுபிடிப்பார்கள். தன் பெயரைக் காப்பாற்ற அவளிடம் இருந்த ஒரே சாட்சியும் அதுதான். அது வாய் திறந்தால் அவள் தப்பிப்பாள், நெங்கின் வேலையும் அந்த வேலையோடு வந்த மருத்துவக் காப்பீடும் போகும். மகளின் மருந்து அந்தக் காப்பீட்டில்தான் ஓடியது. இது டார்லாவுக்குத் தெரியும்.

புலனாய்வாளர்கள் கூட்ட அறையில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள்.

"ஒரு ஊசி குடு."

"என்ன ஊசி?"

"எதுவோ ஒண்ணு. மெல்லிசா இருக்கணும்."

கொடுத்தேன். அந்தப் பெட்டிகளின் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதில் அழுத்திப் பிடித்தால், கடையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல எல்லாவற்றையும் மறந்துவிடும். எந்தக் கைபேசி ஏறியது, எது ஏறவில்லை, அதன் வழியாக யார் வந்தார்கள், யார் வரவில்லை, எதுவும் மிஞ்சாது. ஊசியைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கை ஈரமாக இருந்தது, உப்புநீராக இருக்கலாம்.

பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் புலனாய்வாளர்களின் சாண்ட்விச்சுகளுக்கு நடுவே வைத்து, "இது என்னோடது, சோதனைக்கு மாட்டினேன், எடுக்க மறந்துட்டேன்" என்றாள். வெறுமையான பெட்டியில் அவர்கள் வேண்டியதைப் படித்துக்கொண்டார்கள்: நுழைந்தவன் இதன் வழியாகத்தான் வந்தான் என்று. அழித்தது யார் என்று கேட்டதற்கும் அவள் தன் பெயரைச் சொன்னாள். கையில் ஒரு காரணம் கிடைத்தபின் இன்னொன்றை யாரும் தேடவில்லை. மனிதர்கள் உண்மை கிடைக்கும்வரை தேடுவதில்லை, பதில் கிடைக்கும்வரைதான் தேடுகிறார்கள்.

அவளே எழுதிய விதிப்படி அன்றே அவளுக்குக் கடைசி நாள். மாலையில் நெங் அவள் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"நான் போய் சொல்லிடறேன்."

"சொன்னா?"

"உண்மை அதான?"

"உன் பெட்டி வழியா எவனும் வரல. அதான் உண்மை. நீ போய் நின்னா உன்னயும் சேத்து அனுப்புவாங்க, என்னயும் திருப்பி எடுக்க மாட்டாங்க. உன் பொண்ணுக்கு மருந்து யாரு வாங்குவா, நானா?"

அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"இனிமே இங்க வராத, நெங். யாராவது பாத்தா ரெண்டையும் முடிச்சுப் போட்டுடுவாங்க."

பண்ணைக்காரர்களின் கூட்டம் தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் நடந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவள் வரத் தேவையில்லை. ஆனாலும் வந்தாள். புரூஸ் அறிக்கையைப் படித்து முடித்ததும் ஆர்லோ எழுந்தான். ரப்பர் காலணியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான்.

"அந்தப் பெட்டிய யாரு வெச்சது?"

"நான்தான்" என்றாள் டார்லா.

"எதுக்கு?"

"சோதனைக்கு. எடுக்க மறந்துட்டேன்."

"மறந்துட்ட."

"ஆமா, ஆர்லோ."

"நான் ஒரு வேள கறக்க மறந்திருக்கேனா? ஒரே ஒரு வேள?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். யாரோ ஒருவர் மடக்கு நாற்காலியைச் சத்தமாக மடக்கினார். புரூஸ் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

பனி உருகிச் சேறானபோது ஆர்லோவின் மாடுகள் ஏலத்துக்குப் போயின. அந்த ஒரு வாரத்தால்தான் போயின என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ போயிருக்கும், பண்ணைகள் போகிற வேகம் அப்படி. ஆனால் ஊர் அப்படிக் கணக்குப் போடாது. டார்லா ஏலத்துக்கு வந்து எந்திரக் கொட்டகை ஓரமாக நின்றாள். தேவாலயப் பெண்கள் எல்லோருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டு வந்தார்கள். அவளருகே வந்தபோது தட்டு மறுபக்கம் திரும்பியது. நான் என் கோப்பையை நீட்டினேன், வேண்டாம் என்றாள்.

"ஆர்லோ ஒருத்தன்கிட்டயாவது சொல்லிடு" என்றேன்.

"அவனுக்குத் தெரிஞ்சா நேரா ஆலைக்குப் போய்க் கத்துவான். நெங் இன்னும் அங்கதான இருக்கான்."

அவளுடைய தொழிலில் அவளை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே விண்ணப்பித்தாலும் அந்த அறிக்கை அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது தீவனக் கடையில் நிற்கிறாள். நெங் அந்தக் கோடையில் ஜன்னல் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நல்ல வேலை கிடைத்துப் போனான். அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வரக் கூடாது என்று சொன்னவள் அவள்தான், அவனைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. புரூஸ் ஓய்வு பெற்றார். ஆலையை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. பவ்லினோவும் மற்றவர்களும் ஆளுக்கொரு திசையில் போனார்கள். இதை எழுதினால் இனி யாருக்கும் கெடுதல் இல்லை என்று டார்லாவே சொன்னபிறகுதான் எழுதுகிறேன்.

அவள் செய்தது சரி என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஒரு பொய்யால் நாலு பேர் பிழைத்தார்கள். அதே பொய்யால் ஒருவர் கௌரவமாக ஓய்வு பெற்றார். முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிற உரிமை நமக்குக் கிடையாது.

எல்லோரும் போனபிறகு, தடை எதுவும் இல்லை என்று ஆனபிறகு, அவள் ஆர்லோவின் வீட்டுக்குப் போனாள். பெட்டி யாருடையது, நுழைந்தவன் வந்த வழி எது, ஊசி எதற்கு என்று வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்போ நீ மறக்கல" என்றான் கடைசியில்.

"மறக்கல."

"நான் இத்தன நாளும் என்ன நெனச்சிட்டு இருந்தேன் தெரியுமா? சரி, மறந்துட்டா, மனுஷங்க மறப்பாங்கன்னு. உன் அண்ணி ஜோலீன்கிட்டகூட சொன்னேன். இந்த நன்றி விழாக்கு உன்னக் கூப்புடலாம்னு இருந்தோம்."

"ஆர்லோ..."

"நீ யோசிச்சிருக்க. ஒரு பக்கம் அவங்க, ஒரு பக்கம் நான். அந்த ஹால்ல எல்லாரு முன்னாடியும் நான் எழுந்து கேட்டப்பகூட உனக்குத் தெரிஞ்சிருக்கு. என் மூஞ்சியப் பாத்துதான் பொய் சொல்லிருக்க."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பள்ளி, வலிப்பு, ஆம்புலன்ஸ் என்று. அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்றான். "நீ போ."

இதை என்னிடம் சொல்லும்போது டார்லா தீவன மூட்டைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவன் கதவைச் சாத்தவில்லை, அவள் காரில் ஏறி வளைவு திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருந்தான் என்றாள். அதை அவள் நல்லதாகச் சொன்னாளா கெட்டதாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார், அவளைப் பார்த்ததும் வேறு ஆள் இல்லையா என்று கேட்டார். அவள் உள்ளே போய் வேறு ஆளை அனுப்பினாள்.